85,000 ரூபாய் கோர்ஸா, கையிலிருக்கும் மெஷினா?

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கோவை கணபதி பக்கம் ஒரு ஜாப் ஆர்டர் யூனிட்டில் சி.என்.சி. டர்னிங் சென்டர் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) ஆப்பரேட்டராக இருக்கிறேன். இரண்டு மெஷின் பார்க்கிறேன். ஜாப்பை (கடைய வேண்டிய உலோகத் துண்டை) மாட்டுவது, பட்டனை அழுத்துவது, கழற்றுவது, வெர்னியரில் அளந்து டிரேயில் அடுக்குவது, இதுதான் வேலை. 12 மணி நேர ஷிஃப்ட். சம்பளம் 15,500, ஓ.டி. சேர்ந்தால் 19,000 வரும். அப்பா சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். தங்கை கல்லூரியில் படிக்கிறாள். காந்திபுரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் 'டேட்டா சயின்ஸ், ஏ.ஐ.' ஆறு மாதக் கோர்ஸ் 85,000 ரூபாய், வேலை நூறு சதவீதம் நிச்சயம் என்கிறார்கள். மாதம் 4,500 வீதம் 24 மாதத் தவணையில் கட்டலாமாம். எங்கள் யூனிட்டில் அடுத்த வருடம் ரோபோ வரப்போகிறது என்ற பேச்சும் இருக்கிறது. இன்றைக்கு எந்த வேலைக்குத்தான் கிராக்கி? கடன் வாங்கிச் சேரலாமா?
– 23 வயது வாசகர், கோவை

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடனை இப்போது வாங்காதீர்கள்.

4,500 வீதம் 24 மாதம் என்றால் 1,08,000. கோர்ஸ் விலைக்கு மேல் 23,000 ரூபாய் வட்டி. அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் மூன்று பங்கு இரண்டு வருடத்துக்குப் போய்விடும். இப்படிப்பட்ட தவணைகளில் பெரும்பாலும் பயிற்சி மையம் கடன் கொடுப்பதில்லை. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கடன் எழுதி, மையத்துக்கு மொத்தமாகக் கட்டிவிடும். நீங்கள் இரண்டாம் மாதமே கோர்ஸைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் உங்கள் கடன் மதிப்பெண் விழும். நாளைக்குத் தங்கை படிப்புக்கு நீங்கள் கையெழுத்துப் போடப் போகும்போது அது குறுக்கே நிற்கும். 'நூறு சதவீதம் வேலை' என்பதை ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். 'வேலை தேட உதவுவோம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அதற்கு நாலு கம்பெனிகளுக்கு உங்கள் பயோடேட்டாவை அனுப்புவோம் என்பதைத் தாண்டி அர்த்தமில்லை. போன பேட்ச்சில் சேர்ந்தவர்கள் இப்போது எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். டேட்டா சயின்ஸ் படித்துவிட்டு தொலைபேசி விற்பனை வேலையில் உட்கார்ந்திருந்தாலும் மையத்தின் கணக்கில் அது 'வேலை கிடைத்தது' என்றே பதிவாகும்.

அந்தத் துறை மோசம் என்று நான் சொல்லவில்லை. கணக்கும் புள்ளியியலும் உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்குமா என்பதைக் காசு போடாமல் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பைத்தான், புள்ளியியல் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்குவதற்குத்தான் கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு நான்கு வாரத் தகுதிச் சுற்று உண்டு. ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கணினிச் சிந்தனை என்று நான்கு பாடம். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம் இவற்றில் உட்கார முடிகிறதா, உட்கார்ந்தால் ஆர்வம் கூடுகிறதா என்று பாருங்கள். கூடினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அந்தப் பாதையைத் தனியாகப் பேசுவோம். இரண்டாவது வாரமே பாடம் கசந்தால் உங்கள் 1,08,000 மிச்சம்.

ரோபோ விஷயம் உண்மை. பட்டன் அழுத்திக் கழற்றி மாட்டும் வேலை போய்க்கொண்டிருக்கிறது. பார் ஃபீடர் ராடைத் தானே உள்ளே தள்ளுகிறது. கேன்ட்ரி லோடர் இரண்டு மெஷினுக்கு நடுவில் ஜாப்பை எடுத்து மாட்டுகிறது. ஒரே ஜாப் லட்சக்கணக்கில் ஓடும் இடங்களில் அளந்து, டூலின் நிலையைச் சரிசெய்யும் எண்ணான ஆஃப்செட்டைத் திருத்துவதைக்கூட மெஷினே செய்துகொள்கிறது. ஆனால் உங்களுடையது போன்ற ஜாப் ஆர்டர் யூனிட்டில் இன்றைக்கு 300 வால்வு ஸ்பிண்டில், நாளைக்கு 150 பம்ப் ஷாஃப்ட், மறுநாள் 80 ஃபிளேஞ்ச் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒருவர் ஜா (ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் தாடை) மாற்ற வேண்டும், டூல் கட்ட வேண்டும், டிராயிங்கைப் பார்த்து புரோகிராமைச் சரிபார்க்க வேண்டும், ஃபர்ஸ்ட் பீஸை ஓகே பண்ண வேண்டும். அந்த ஆள்தான் செட்டர். கோவையில் குறிச்சி, அரசூர், மலுமிச்சம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும், முதலாளிகள் சொல்லும் குறை ஒன்றுதான்: மெஷின் வாங்க வங்கி கடன் தருகிறது, செட்டர் கிடைப்பதில்லை. மெஷின் நின்றாலும் அதன் தவணை ஓடுகிறது. அதனால் ஃபர்ஸ்ட் பீஸைத் தனியாக எடுத்துக்கொடுக்கும் ஆளுக்கு ஆப்பரேட்டரைவிட நன்றாகக் கூட்டிக்கொடுக்கத் தயங்க மாட்டார்கள்.

நீங்கள் அந்த வேலையிலிருந்து பத்தடி தூரத்தில் நிற்கிறீர்கள். தினமும் உங்கள் மெஷினிலேயே அது நடக்கிறது. அந்தப் பத்தடியை ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் கடக்க என்ன வேண்டும் என்பதை விவரமாகச் சொல்கிறேன்.

முதல் மூன்று மாதம் அளவெடுப்பு. பலரும் புரோகிராமிங்கில் ஆரம்பிக்க ஆசைப்படுவார்கள். தப்பு. அளவு சரியாக எடுக்கத் தெரியாதவர் கையில் ஆஃப்செட்டைக் கொடுத்தால் நல்ல பீஸையும் கெடுத்துவிடுவார். வெர்னியரில் அளந்து டிரேயில் வைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட் (அது காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02 மி.மீ. ஆக இருக்கும். டிராயிங்கில் 50 ஸ்மால் எச்6 (50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கான அளவுக் குறி) என்று போட்டிருந்தால் அளவு 49.984-க்கும் 50.000-க்கும் நடுவில் இருக்க வேண்டும். மொத்த டாலரன்ஸே (அனுமதிக்கும் வேறுபாடு) 16 மைக்ரான், அதாவது 0.016. வெர்னியரின் ஒரு கோடே அதைவிடப் பெரிது. டாலரன்ஸில் பத்தில் ஒரு பங்கையாவது காட்டும் கருவி வேண்டும் என்பது கடைப்பிடிக்க வேண்டிய பொது விதி. 16 மைக்ரானுக்கு 0.001 காட்டும் மைக்ரோமீட்டரோ கம்பரேட்டர் டயலோ ஏர் கேஜோ தேவை. 0.2 டாலரன்ஸ் உள்ள நீளத்துக்கு வெர்னியர் தாராளமாகப் போதும். எந்த அளவுக்கு எந்தக் கருவி என்று டிராயிங்கைப் பார்த்தவுடன் சொல்ல வருவதுதான் முதல் பாடம்.

மைக்ரோமீட்டரை ராச்செட் (முனையிலுள்ள, அளவான அழுத்தத்தில் நழுவும் திருகு) மூலம்தான் இறுக்க வேண்டும். கையால் திம்பிளைத் திருகினால் ஆளுக்கு ஒரு அளவு வரும். ஷிஃப்ட் தொடங்கும்போது ஜீரோ பாருங்கள். 25–50 மைக்ரோமீட்டர் என்றால் அதோடு வரும் செட்டிங் ராடை வைத்துப் பாருங்கள். ஜாப்பில் கூலன்ட், பிசிறு இருந்தால் துடைத்துவிட்டு அளக்க வேண்டும்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிக ரிஜெக்‌ஷன் வருவது இங்கேதான், காரணமும் கண்ணுக்குத் தெரியாது. அளவு என்பது 20 டிகிரி செல்சியஸில் சொல்லப்படுவது. இரும்பு, ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். 50 மி.மீ. விட்டமுள்ள ஜாப் மெஷினிலிருந்து 20 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியே வந்தால் விட்டம் 11.5 மைக்ரான் பெரிதாகக் காட்டும். நீங்கள் அளக்கும்போது 49.995, 'ஓகே' என்று டிரேயில் வைப்பீர்கள். ஆறிய பிறகு இன்ஸ்பெக்‌ஷனில் 49.9835. ரிஜெக்ட். உங்கள் மேல் குற்றம் சொல்வார்கள், நீங்கள் மைக்ரோமீட்டர் மேல் குற்றம் சொல்வீர்கள். டைட்டான அளவு உள்ள ஜாப்பை ஆறவிட்டு அளக்க வேண்டும். அல்லது அதே சூட்டில் இருக்கும் மாஸ்டரோடு (அளவு உறுதியான மாதிரித் துண்டோடு) ஒப்பிட வேண்டும். மெஷினுக்கும் இது பொருந்தும். காலையில் குளிர்ந்த மெஷினில் ஸ்பிண்டில் சூடேறச் சூடேற அளவு நகரும். அதனால்தான் நல்ல யூனிட்டுகளில் 15, 20 நிமிடம் காலியாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு ஜாப்பை மாட்டுகிறார்கள். சாப்பாட்டு இடைவேளை முடிந்து வரும் முதல் இரண்டு மூன்று பீஸைக் கட்டாயம் அளந்து பாருங்கள். அளவு அப்போது நகர்ந்திருக்கும்.

சொந்தமாக ஒரு 150 மி.மீ. வெர்னியரும் ஒரு 0–25 மைக்ரோமீட்டரும் வாங்குங்கள். நல்ல பிராண்டாக இருந்தாலும், அந்தத் தவணையின் இரண்டு மாதப் பணத்துக்குள் முடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து ஒரே பேரிங் ரோலரைப் பத்து முறை அளந்து, பத்து முறையும் ஒரே அளவு வருகிறதா என்று பழகுங்கள். கை பழகினால்தான் அளவு நிற்கும்.

இதோடு சேர்த்து டிராயிங். டிப்ளமோவில் படித்திருப்பீர்கள், ஆனால் தேர்வுக்குப் படித்ததும் பட்டறையில் படிப்பதும் வேறு. கேப்பிட்டல் எச்7 துளைக்கு, ஸ்மால் எச்6 ஷாஃப்ட்டுக்கு. 50 கேப்பிட்டல் எச்7 என்றால் 50.000 முதல் 50.025 வரை. ஃபிட் அட்டவணையை பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். ரன்அவுட் (சுழலும்போது வரும் ஆட்டம்), கான்சென்ட்ரிசிட்டி, பொசிஷன், பெர்பென்டிகுலாரிட்டி என்று ஒவ்வொரு குறியும் எந்த டேட்டமிலிருந்து (அளவுக்கு ஆதாரமான பரப்பிலிருந்து) அளக்கச் சொல்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பழகுங்கள். டேட்டம் தெரிந்தால் ஜாப்பை முதலில் எங்கே பிடிப்பது என்பதும் தெரிந்துவிடும். இரண்டு விட்டத்துக்கு நடுவே ரன்அவுட் 0.02 கேட்டிருந்தால் அவை இரண்டையும் ஒரே பிடியில் கடைந்துவிடப் பாருங்கள். கழற்றித் திருப்பி மாட்டினால் ஜாப்பைப் பிடித்துச் சுழற்றும் சக்கின் பிழையும் அதோடு சேரும்.

நான்காம் மாதத்திலிருந்து ஆஃப்செட். இதை யூனிட்டின் அனுமதியோடுதான் தொட வேண்டும், ஒரு முறைகூட ஒளிந்து செய்யக் கூடாது. ஃபானுக் கன்ட்ரோலில் ஜியோமெட்ரி (டூலின் அடிப்படை அளவு), வேர் (தேய்மானத் திருத்தம்) என்று இரண்டு பக்கம் இருக்கும். ஜாப் ஓடிக்கொண்டிருக்கும்போது திருத்துவது வேர் பக்கத்தில் மட்டும். விட்டம் 0.03 கூடுதலாக வந்தால் அந்த டூலின் எக்ஸ் (விட்டத் திசை) வேரில் மைனஸ் 0.03 கூட்ட வேண்டும். வெளி விட்டமானாலும் உள் துளையானாலும் எக்ஸில் மைனஸ் போட்டால் விட்டம் குறையும், பிளஸ் போட்டால் கூடும். இதை மனதில் பதித்துக்கொண்டால் குழப்பமே வராது.

இங்கே நடக்கும் தவறுகள் மூன்று. ஒன்று, 'பிளஸ் இன்புட்' அழுத்துவதற்குப் பதில் 'இன்புட்' அழுத்துவது. பிளஸ் இன்புட் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு கூட்டும். இன்புட் பழைய எண்ணை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். வேரில் ஏற்கெனவே மைனஸ் 0.12 இருந்து, நீங்கள் இன்புட்டில் மைனஸ் 0.03 வைத்தால் அடுத்த பீஸ் 0.09 பெரிதாகும். இரண்டு, புள்ளி வைக்க மறப்பது. மெஷின் அமைப்பைப் பொறுத்து 30 என்று அடித்தால் சில கன்ட்ரோல் அதை 0.030 என்றும் சில 30 மி.மீ. என்றும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது வகை கன்ட்ரோலில் அது டூல் சக்கில் மோதுவதில் போய் முடியும். மூன்று, டூல் எண்ணை மாற்றிப் போடுவது. இரண்டாம் டூலுக்குப் போட வேண்டியதை மூன்றாம் டூலில் போட்டுவிட்டு, அளவு ஏன் மாறவில்லை என்று இன்னொரு முறையும் போடுவார்கள். எண்ணை அடித்ததும், அழுத்துவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள்: டூல், அச்சு, குறி, அளவு. அனுபவமுள்ள செட்டர்கள் பலர் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்து இன்செர்ட், டூல் நுனியில் மாட்டும் வெட்டும் துண்டு. பெட்டியில் சி.என்.எம்.ஜி. 120408 என்று இருக்கும். முதல் எழுத்து 80 டிகிரி சாய்சதுர வடிவம், இரண்டாவது எழுத்து கிளியரன்ஸ் இல்லை என்பது. 12 என்பது வெட்டும் விளிம்பின் நீளம், 04 தடிமன், 08 மூக்கு ஆரம், அதாவது வெட்டும் நுனி வளைவின் ஆரம், 0.8 மி.மீ. கடைசி இரண்டு இலக்கத்தைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். ஃபினிஷ் எப்படி வரும் என்பதை ஃபீடும் (ஒரு சுற்றில் டூல் நகரும் தூரம்) மூக்கு ஆரமும் தீர்மானிக்கின்றன: ஃபீடை ஃபீடாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் மேடு பள்ளத்தின் உயரம் கிடைக்கும். ஃபீட் 0.2, ஆரம் 0.8 என்றால் 6.25 மைக்ரான். 0.4 ஆர இன்செர்ட்டை மாட்டிவிட்டு அதே ஃபீடில் ஓட்டினால் 12.5. ஃபீடைப் பாதியாக்கி 0.1 வைத்தால் 0.8 ஆரத்தில் 1.6 ஆக, நான்கில் ஒரு பங்காகக் குறையும். 'ஃபினிஷ் வரவில்லை' என்று இன்செர்ட்டை மாற்றிக்கொண்டே இருப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஃபினிஷ் பாஸுக்கு மெட்டலை மிகக் குறைவாக விடுவதும் கெடுதல். 0.8 ஆரம் உள்ள இன்செர்ட்டுக்கு 0.1 மட்டும் விட்டால் அது வெட்டாமல் தேய்க்கும். அளவு ஒரு பீஸுக்கு ஒன்று வரும், வெட்டிவரும் உலோகச் சுருள் உடையாமல் நூலாக ஜாப்பைச் சுற்றும். ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்காவது வெட்டு ஆழம் இருக்கட்டும். நீள நீளமாகச் சுருள் வந்தால் முதலில் ஃபீடை ஏற்றிப் பாருங்கள், அப்புறம் சிப் பிரேக்கர் (சுருளை உடைக்கும் இன்செர்ட் பள்ளம்) வேறா என்று பாருங்கள். வேகத்துக்கு ஒரு கணக்கு: வெட்டு வேகத்தை 1,000-ஆல் பெருக்கி, 3.14-ஐ விட்டத்தால் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 200 மீட்டர், விட்டம் 50 என்றால் 1,273 சுற்று. விட்டம் 20 என்றால் 3,183. இன்செர்ட்டின் பக்கவாட்டுத் தேய்மானம் 0.3 மி.மீ.-ஐத் தொட்டால் மாற்றிவிடுவது நல்லது. ஒரு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பழைய இன்செர்ட்டுகளைப் பாருங்கள். நுனியில் மெட்டல் ஒட்டியிருந்தால் வேகம் குறைவு; மேலே குழி விழுந்திருந்தால் வேகம் அதிகம்; விளிம்பு உடைந்திருந்தால் வெட்டு விட்டுவிட்டு நடந்திருக்கலாம், அல்லது பிடி ஆடியிருக்கலாம். குப்பையில் போகும் இன்செர்ட்டிலிருந்து இவ்வளவும் படிக்கலாம்.

புரோகிராமைக் கையால் எழுதிப் பழக ஆறாம் மாதம் போதும். உங்கள் மெஷினில் ஏற்கெனவே ஓடும் ஒரு புரோகிராமை நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் டூல் எங்கே போகிறது என்று வரைந்து பாருங்கள். ஜி71 ரஃபிங், ஜி70 ஃபினிஷிங், ஜி76 திரெட் (மரை), ஜி96 (நிலையான வெட்டு வேகம்), ஜி97 (நிலையான சுற்று), ஜி41, ஜி42 (மூக்கு ஆரத் திருத்தம்), இவ்வளவும் கைவந்தால் டர்னிங் ஜாப்பில் பெரும்பாலானதை எழுதிவிடலாம். இதில் இரண்டு இடத்தை அழுத்திச் சொல்கிறேன். ஜி96 போட்டால் விட்டம் குறையக் குறையச் சுற்று ஏறும். ஃபேஸிங்கில் டூல் மையத்துக்கு வரும்போது மெஷின் தன் உச்ச வேகத்துக்குப் போகும். ஜி50-இல் உச்ச வரம்பு போடாமல் விட்டால், அந்த வேகத்தில் மையவிலக்கு விசையால் ஜாக்களின் பிடி தளர்ந்து ஜாப் பறக்கும். கதவுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்த ஜாப்கள் பல இப்படிப்பட்டவைதான். மற்றொன்று, ஜி42 மறந்துபோனால் நேரான விட்டம் சரியாகவே வரும். டேப்பரும் ரேடியஸும் மட்டும் தப்பும். நேர் அளவை மட்டும் பார்த்து ஓகே பண்ணிவிட்டு 200 பீஸ் ஓட்டிய பிறகு கண்டுபிடிப்பது பெரிய நஷ்டம். திரெட் போடும்போது ஜி97-இல் நிலையான சுற்று வைத்து, பாஸ்களுக்கு நடுவில் வேகத்தைத் தொடாதீர்கள். தொட்டால் மரை இடம் மாறிவிடும்.

செட்டர் என்று பெயர் வாங்கித் தருவது ஜாப்பைப் பிடிக்கும் வித்தைதான். சாஃப்ட் ஜாவை (கடையக்கூடிய மென்மையான தாடையை), ஜாப் ஓடப்போகும் அதே அழுத்தத்தில், உள்ளே ஒரு ரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஜாப்பின் விட்டத்துக்குச் சரியாக போர் செய்ய (உட்புறம் குடைய) வேண்டும். காலியாக விட்டு போர் செய்தால் ஜாப்பைப் பிடிக்கும்போது ஜா வாயைத் திறக்கும், ரன்அவுட் வரும். மெல்லிய சுவருள்ள புஷ்ஷை முழு அழுத்தத்தில் பிடித்து போர் செய்தால் மெஷினில் வட்டமாக இருக்கும், கழற்றியதும் மூன்று முனையாகிவிடும். இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது: மூன்று முனைக் கோளாறை இரண்டு இடத்தில் தொட்டு அளக்கும் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் காட்டாது, எந்தப் பக்கம் திருப்பி அளந்தாலும் ஒரே அளவுதான் வரும். மூன்று முனை போர் கேஜ் வைத்தால்தான் பிடிபடும். 'என் பக்கம் ஓகே, கஸ்டமர் ரிஜெக்ட் பண்ணுகிறார்' என்று யூனிட்டில் சண்டை வந்தால் ஹைட்ராலிக் அழுத்தத்தைக் குறைத்தோ, ஜாப்பை முழுவதும் அணைத்துப் பிடிக்கும் அகல ஜா போட்டோ பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அன்றிலிருந்து உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

செட்டர் கற்றுத்தருவாரா என்ற கவலை இருக்கும். சிலர் தொழிலை மறைப்பார்கள். அவர்கள் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும், அதுதான் அவர்கள் பிழைப்பு. ஜாப் மாறும் நேரத்தில் ஷிஃப்ட் முடிந்தாலும் அரை மணி நேரம் இருந்து ஜா துடைக்க, டூல் எடுத்துக்கொடுக்கக் கூட நில்லுங்கள். கேள்வியை வேலை நடுவில் கேட்காமல் டீ நேரத்தில் கேளுங்கள். ஒரு நோட்டு போடுங்கள்: தேதி, ஜாப், எந்த ஆப்பரேஷன், டூல் எண், இன்செர்ட், வேகம், ஃபீட், எந்த அளவு நகர்ந்தது, என்ன ஆஃப்செட் போட்டார்கள், அடுத்த பீஸ் என்ன வந்தது. மூன்று மாதத்தில் அந்த நோட்டிலேயே விடை தெரிய ஆரம்பிக்கும்: இந்த ஜாப்பில் 40 பீஸுக்கு ஒருமுறை விட்டம் ஏறுகிறது, அது இன்செர்ட் தேய்வது, அந்த ஜாப்பில் காலையில் மட்டும் ஏறுகிறது, அது சூடு. ஒன்று மட்டும் கவனம்: டிராயிங்கையோ புரோகிராமையோ போட்டோ எடுத்து வெளியே கொண்டுபோகாதீர்கள். அது கஸ்டமருடைய சொத்து. மாட்டினால் கோவை முழுக்கப் பெயர் கெடும்.

ஒரு வருடம் கழித்து இரண்டு கிளை பிரியும். ஒன்று வி.எம்.சி.யும் (செங்குத்து மில்லிங் மெஷின்) கேம் மென்பொருளும் (கணினியில் புரோகிராம் தயாரிப்பது): மாஸ்டர்கேம், என்.எக்ஸ். போன்றவை. மென்பொருளை முதலில் படித்துவிட்டு மெஷினுக்கு வருபவர் திரையில் அழகாக ஓட்டுவார், ஆனால் டூல் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மறந்துவிடுவார், ஜாப் அதிரும். நீங்கள் மெஷினிலிருந்து போவதால் அந்தத் தொல்லை குறையும். இரண்டாவது கிளை குவாலிட்டி: சி.எம்.எம். (முப்பரிமாண அளவு இயந்திரம்), எஸ்.பி.சி. (புள்ளியியல் முறையில் உற்பத்தியைக் கண்காணிப்பது), கேஜ் ஆர் அண்டு ஆர் (அளவுக் கருவியின் நம்பகத்தைச் சோதிப்பது), பி.பி.ஏ.பி. (உற்பத்திக்கு முன் கஸ்டமரின் ஒப்புதல்) ஆவணங்கள். ஆட்டோமொபைல் சப்ளையர்களுக்கு ஐ.ஏ.டி.எஃப். 16949 தரச் சான்று தேவைப்படுவதால் இந்த ஆட்களுக்குத் தேவை குறைவதில்லை. பொறுமையாக எழுதவும், கணக்குப் போடவும், ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பவும் வந்தால் இந்தப் பக்கம் போங்கள். உங்களுக்கு டேட்டாவில் ஆசை இருந்தால் அந்த ஆசைக்கும் இங்கே இடமிருக்கிறது: சி.பி.கே. (அளவுகள் டாலரன்ஸுக்குள் எவ்வளவு நன்றாக நிற்கின்றன என்று காட்டும் எண்) 1.33-க்குக் கீழே போனால் ஏன் என்று தேடுவதும் டேட்டா வேலைதான், அதுவும் உங்களுக்குத் தெரிந்த ஜாப்பின் டேட்டா.

படிப்புக்குக் காசு செலவழிப்பதென்றால் இந்தக் கட்டத்தில் செலவழியுங்கள். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்திலும், திறன் மேம்பாட்டுக் கழகத்தின் பயிற்சிகளிலும் சி.என்.சி., கேம் வகுப்புகள் வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். அப்புறம் மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. தொழில்நுட்ப மையங்கள். தனியார் இடமென்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணி நேரம் ஓடுகிற மெஷினில் நான் நிற்பேன்? சிமுலேட்டர் மட்டும்தான் என்றால் அந்தப் பணத்துக்கு வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். பட்டம் இல்லாதது உறுத்தினால், கோவையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பி.எஸ்.ஜி., சி.ஐ.டி. ஆகியவை வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்குப் பகுதிநேர பி.இ. நடத்தி வந்திருக்கின்றன, இந்த வருட அறிவிப்பைக் கல்லூரியிலேயே விசாரியுங்கள். 12 மணி நேர ஷிஃப்ட்டோடு அது நடக்காது. எட்டு மணி நேர யூனிட்டுக்கு மாறிய பிறகு யோசிக்கலாம்.

மாறும்போது எங்கே மாறுவது என்பதும் முக்கியம். பிஸ்டன் பின், கேம் ஷாஃப்ட், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பாகம் மட்டுமே செய்யும் யூனிட் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். மின்சார வண்டியில் இவை எதுவும் கிடையாது. பம்ப், வால்வு, மோட்டார் ஷாஃப்ட், கியர் பாகங்கள், ஜவுளி இயந்திர பாகங்கள் என்று கலந்து செய்யும் இடம் பத்திரம். பாதுகாப்புத் துறைக்கான தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஐந்தும் இருக்கின்றன. விமான பாகம் செய்யும் யூனிட்டுகளில் ஆவணக் கட்டுப்பாடு அதிகம், கற்றுக்கொள்ள நல்ல இடம். இன்டர்வியூவில் டிராயிங்கைக் கையில் கொடுத்து, எந்த டேட்டம், எந்த டூல், எந்தக் கருவியில் அளப்பாய் என்று கேட்பார்கள். உங்கள் பக்கத்திலிருந்தும் கேளுங்கள்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டிப்பு ஊதியமா, ஆறு மாதத்தில் எனக்கு ஆஃப்செட் அனுமதி உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கேயும் பட்டன்தான் அழுத்துவீர்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுழலும் சக் பக்கத்தில் கையுறை போடவே கூடாது. துணி சிக்கினால் கையை இழுத்துவிடும். சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கியால் இழுங்கள். கூலன்ட் படும் கையில் அரிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்ததும் கை கழுவி எண்ணெய் தடவுவதோடு, கூலன்ட் செறிவை அளக்கச் சொல்லுங்கள். செறிவு கூடினாலும் கெட்டுப்போனாலும் தோல்தான் முதலில் காட்டும்.

ரோபோ வரும் பேச்சைக் கேட்டுப் பயந்திருக்கிறீர்கள். அது இறங்கும்போது சப்ளையர் ஆட்கள் யூனிட்டில் சில நாள் தங்கி, கிரிப்பர் கட்டுவது, நிலைகளைக் கற்பிப்பது, அலாரம் வந்தால் மீட்பது என்று காட்டித்தருவார்கள். அந்த நாட்களில் கூட நிற்க ஒரு ஆளை முதலாளி தேர்ந்தெடுத்தாக வேண்டும். இப்போதே போய்ச் சொல்லிவையுங்கள்: 'சார், ரோபோ வரும்போது என்னை அதில் போடுங்க.' அதற்குள் மைக்ரோமீட்டரும் நோட்டும் உங்கள் கையில் ஆறு மாதம் பழகியிருக்கட்டும்.